எடுத்த பணியை விடாத ஏந்தல்: தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர்

திருப்பணியில் ஈடுபட்ட அன்பர்கள் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. பாலஸ்தாபன நாளில் கூட்டம் நிறைந்திருக்கும். நன்கொடைச் சீட்டுகள் கைமாறும். பெயர் கொடுக்க முந்துவோர் பலராக இருப்பர். ஆறு திங்கள் கழிந்த பின்னர், மழைநீர் ஒழுகும் சாரத்தின் கீழே நின்று ஸ்தபதியாரோடு கணக்குப் பார்ப்பவர் இருவரோ மூவரோதான். கும்பாபிஷேக நாளில் கூட்டம் மீண்டும் வந்துவிடும். இடையில் கழியும் நாள்களே உண்மையில் பணி நடக்கும் நாள்கள்.

ஆலயத் திருப்பணிக்காவது குழு உண்டு, கெடு உண்டு, ஏன் தாமதம் என்று கேட்க ஊர் உண்டு. தனி மனிதர் தாமாகவே மேற்கொள்ளும் பணிக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. பன்னிரு திருமுறையையும் ஓதி முடிப்பதென்று தொடங்கி முதல் திருமுறையோடு நின்றவரும், குடும்ப வரலாற்றை எழுதத் தொடங்கிப் பாட்டனார் கப்பலேறிய ஆண்டோடு குறிப்பேட்டை மூடி வைத்தவரும் நம்மிடையே பலர். எவரும் கேட்காத பணி, ஊதியமில்லாத பணி, முடிவு எப்போதென்று தெரியாத பணி ஒன்றைத் தோளில் ஏற்றுக்கொண்டு, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இறக்கி வைக்காமல் சுமந்த பெரியார் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள். அவருடைய வரலாற்றில் அந்த ‘இடைப்பட்ட நாள்கள்’ எவ்வாறு கழிந்தன என்பதே இங்கே விரித்துரைக்கப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

கும்பகோணத்துக்கு அண்மையில் உள்ள உத்தமதானபுரம் ஐயரவர்களின் சொந்த ஊர். 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் வேங்கடசுப்பையருக்கும் சரசுவதி அம்மாளுக்கும் மைந்தராகத் தோன்றினார். வேங்கடராமன் என்பது அவருக்கு இட்ட பெயர். வீட்டில் அழைத்த பெயரோ சுவாமிமலையில் எழுந்தருளியுள்ள முருகப் பெருமானின் திருநாமமாகிய சாமிநாதன். பிற்காலத்தில் ஆசிரியர் விரும்பி அழைத்ததும், உலகத்தில் நிலைத்ததும் இந்தப் பெயரே.

தந்தையார் இசைவாணர். இராமாயணக் கதை சொல்லி, அதில் வரும் வருவாயைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். ஓரூரில் கதை முடிந்ததும் மற்றோர் ஊருக்குக் குடும்பத்தோடு பெயர்வது வழக்கம். அரியலூர், குன்னம், கார்குடி என்று ஊர்கள் மாற மாறச் சிறுவரின் ஆசிரியர்களும் மாறினர். இசையே சோறு போடும் என்பது தந்தையார் எண்ணம். மைந்தருடைய நாட்டமோ தமிழில் சென்றது. தமிழ் மட்டும் படித்தவருக்கு அக்காலத்தில் பிழைப்புக்கு வழி மிகக் குறைவு. ஆங்கிலம் படித்தால் இவ்வுலகில் நன்மை, வடமொழி படித்தால் மறுவுலகில் நன்மை, தமிழால் என்ன பயன் என்று உறவினர் கேட்ட காலம் அது. 1868இல் பதின்மூன்று வயதிலேயே திருமணமும் நடந்துவிட்டது. அதற்குப் பின்னும் அந்த இளைஞர் தமிழை விடவில்லை. மைந்தருடைய பிடிவாதத்துக்கு முன் தந்தையாரே இணங்கினார்.

ஆசிரியர் அருளிய ஐந்தாண்டுகள்

1871ஆம் ஆண்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் ஐயரவர்கள் மாணவராகச் சேர்ந்தார். பிள்ளையவர்களிடம் படிப்பதற்காக வந்து, சில நாள்களில் மறைந்துபோன மாணவர் பலர். ஆகவே புதிய மாணவர் நிலைப்பாரோ என்ற ஐயம் ஆசிரியருக்குத் தொடக்கத்தில் இருந்தது. முதற்பாடங்களைப் பழைய மாணவராகிய சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவ அன்பர் சொல்லிக் கொடுத்தார். ஆசிரியரிடமே நேரே பாடங்கேட்கும் பேறு பிறகே கிட்டியது.

மாயூரத்தில் இருந்த காலத்தில், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் ஐயரவர்கள் இசையும் பயின்றார். பிள்ளையவர்களுக்கு அது உவப்பாக இல்லை. இரண்டு குதிரைகளில் ஒருவர் ஏற இயலாது என்பதை உணர்ந்த மாணவர் இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார். தந்தையார் போற்றிய கலை அது. தமக்கும் இயல்பாகக் கைவந்த கலை. ஒன்றைப் பற்றுவதற்காக மற்றொன்றை விடுத்த இந்நிகழ்ச்சியை வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து விடுகின்றனர். பின்னாளில் நிகழ்ந்த அனைத்துக்கும் இதுவே கால்கோள் எனலாம்.

திருவாவடுதுறை ஆதீனத்தில் மேலகரம் சுப்பிரமணிய தேசிகரவர்களின் ஆதரவில் பிள்ளையவர்கள் பாடஞ் சொல்லி வந்தார். சவேரிநாதரைப் போலவே நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் அவருடைய மாணாக்கர். தமிழ் கற்க வந்தவரிடம் வேறு எதுவும் கேட்கப்படாத இல்லம் அது. 1876 பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் இறைவனடி சேர்ந்தார். சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கியிருக்க, ஐயரவர்கள் திருவாசகத்தில் அடைக்கலப்பத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அவருயிர் பிரிந்தது.

முன்சீபின் கேள்வி

1880ஆம் ஆண்டு, தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றுத் தம் இடத்துக்குப் பரிந்துரைத்தமையால், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி ஐயரவர்களுக்குக் கிடைத்தது. வயது இருபத்தைந்து. நிலையான ஊதியம், மதிப்புள்ள பதவி, மடத்தின் அன்பு ஆகிய அனைத்தும் வாய்த்துவிட்டன. அவ்வளவில் நின்றிருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் வியாழக்கிழமை, கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் பாடங்கேட்டதுண்டு என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று நீண்ட பட்டியலை ஐயரவர்கள் ஒப்புவித்தார். கேட்டவர் முகத்தில் வியப்போ மகிழ்ச்சியோ தோன்றவில்லை. இவையெல்லாம் பிற்கால நூல்கள், இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார் முதலியார். படித்ததில்லை என்பதே உண்மையான விடை. மகாவித்துவானின் தலைமாணாக்கருக்கு அந்தக் கேள்வி எவ்வளவு கசந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. கேள்வியைக் குறையாகக் கொண்டு வெகுண்டு திரும்பியிருக்கலாம். ஐயரவர்களோ அடுத்தடுத்தும் முதலியாரைக் காணச் சென்றார். முதலியார் தந்த சிந்தாமணிப் படியை வாங்கி வந்து படிக்கத் தொடங்கினார்.

சிந்தாமணி 3145 பாடல்களும் பதின்மூன்று இலம்பகங்களும் கொண்ட பெருங்காப்பியம். நச்சினார்க்கினியர் உரையும் அதற்கு உண்டு. இருந்தும் ஒன்றும் விளங்கவில்லை. திருத்தக்கதேவர் சமண முனிவர். நூலெங்கும் சமண சமயக் கருத்துகளும் சொற்களும் நிறைந்திருந்தன. உரையாசிரியரோ வேறு பல பழைய நூல்களிலிருந்து அடிகளை எடுத்துக்காட்டி, அவை எந்நூலைச் சார்ந்தவை என்று சொல்லாமலே சென்றிருந்தார். முதல் தடைக்குத் தீர்வு ஊருக்குள்ளேயே இருந்தது. கும்பகோணத்தில் சமண அன்பர்கள் வாழ்ந்தனர். ஐயரவர்கள் அவர்களுடைய இல்லத்துக்குச் சென்றபோது வாயிலில் மாவிலைத் தோரணமும் மாக்கோலமும் கண்டார். விசேடம் என்னவென்று வினவ, சிந்தாமணி பாராயணம் நிறைவுற்ற விழா என்று விடை வந்தது. தமிழ்ப் புலவர் உலகம் மறந்திருந்த நூல், ஒரு தெருவில் இடையறாது ஓதப்பட்டு வந்தது! அன்று முதல் சந்திரநாத செட்டியார் முதலிய சமணப் பெரியோரிடம் ஐயந் தெளிந்து வந்தார். சைவ மடத்தில் வளர்ந்த அந்தணர், கல்லூரியில் பலருக்கு ஆசிரியர், அங்கே மாணவராக அமர்ந்தார்.

இரண்டாம் தடைக்குத் தீர்வு எளிதில் கிடைக்கவில்லை. பெயரில்லாத அந்த மேற்கோள் அடிகளை மனத்தில் நிறுத்திக்கொண்டு, கையில் கிடைத்த ஏடுகளை எல்லாம் புரட்டினார். திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளுக்கிடையே பொருநராற்றுப்படை முதலிய பாட்டுகள் கண்ணிற்பட்டன. தேடிய அடிகள் சில அங்கே இருந்தன. எட்டுத்தொகை, பத்துப்பாட்டு என்று பெயரளவில் கேட்டிருந்த நூல்கள் ஏட்டுருவில் கைக்கு வந்தன. ஒரு நூலைப் புரிந்துகொள்ளத் தொடங்கிய தேடல், முன் அறியாத ஓர் இலக்கிய உலகின் வாயிலில் கொண்டு நிறுத்தியது.

ஏடு என்பது என்ன?

இன்றைய வாசகர்கள் பலர் ஓலைச்சுவடியைக் கண்காட்சியிலேயே கண்டிருப்பர். அதைப் படிப்பது அச்சுப் புத்தகத்தைப் படிப்பது போன்றதன்று. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேற்றுமை காட்டப்படுவதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். பாட்டும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லும். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதைப் படிப்பவரே கண்டறிய வேண்டும். படியெடுத்தவர் செய்த பிழை அடுத்த படியிலும் ஏறும். இவற்றோடு செல்லரித்த துளைகள், ஒடிந்த ஓரங்கள், இடம் மாறிக் கோக்கப்பட்ட ஓலைகள். ஒரு சொல்லின் உண்மை வடிவத்தை அறிய ஐந்தாறு படிகளை ஒப்பிட வேண்டும். ஐயரவர்கள் ஒவ்வொரு வேறுபாட்டையும் குறித்துக்கொண்டார். ஒவ்வோர் அருஞ்சொல்லும் வேறு எந்நூலில் வந்துள்ளது என்று எழுதிவைத்தார். கல்லூரி வேலை முடிந்த மாலைகளும் விடுமுறை நாள்களும் இதற்கே சென்றன. பெரிய தாவல்கள் எவையும் இல்லை. இன்று இத்தனை பாட்டு, நாளை இத்தனை பாட்டு என்று நாள்தோறும் ஊர்ந்து சென்ற வேலை அது.

ஏழாண்டுகளில் ஒரு நூல்

சிந்தாமணியைப் பதிப்பிப்பது என்ற எண்ணம் உறுதிப்பட்ட பின்னர்த் தடைகளும் பெருகின. முதலில் வந்தது அன்பின் உருவில் வந்த தடை. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிப்பதில் முன்னோடி. கும்பகோணத்தில் வந்து தங்கியிருந்த காலத்தில், சிந்தாமணியைத் தம்மிடம் தந்தால் தாமே அச்சிடுவதாக வற்புறுத்தினார். அவர் அனுபவம் மிக்கவர்; அச்சுக்கூடத் தொடர்பு உடையவர். இளைஞராகிய ஐயரவர்களுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. சுமையை இறக்கி வைக்க அதைவிட நல்ல வாய்ப்பு வராது. எனினும் தாம் தொடங்கியதைத் தாமே முடிப்பது என்று ஐயரவர்கள் உறுதி கொண்டார். இருவர் நட்பும் இதனால் முறியவில்லை. தாமோதரம் பிள்ளையவர்கள் கலித்தொகையை 1887இல் வெளியிட்டார்.

அடுத்து வந்தது பழிச்சொல். சைவ மடத்தால் ஆதரிக்கப்பெற்றவர் சமணக் காப்பியத்தை அச்சிடலாமா என்று சிலர் குறை கூறினர். பதிப்பில் பிழை கண்டதாகக் கண்டன அறிக்கைகளும் வெளிவந்தன. சைவ மடத்துத் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகரோ பதிப்பாளருக்குத் துணையாகவே நின்றார் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது. (ஏளனம் என்பது எந்த நாட்டுக்கும் புதிதன்று. 1961இல் ஜூரோங்கின் சதுப்பு நிலத்தையும் குன்றுகளையும் சமன்படுத்தித் தொழிற்பேட்டை அமைக்க டாக்டர் கோ கெங் சுவீ முனைந்தபோது, அது கோவின் மடமை என்று நகைத்தவர்கள் இருந்தனர். ஆலைகள் எழுந்த பின்னர் நகைப்பு அடங்கியது. நூல்கள் அச்சான பின்னர் ஐயரவர்கள்மீது எழுந்த கண்டனமும் அவ்வாறே அடங்கியது.)

மூன்றாவது, பணம். முன்கூட்டியே கையொப்பம் இட்டுப் புத்தகத்துக்குப் பணந் தருவோரைத் தேடி ஊர் ஊராக எழுத வேண்டியிருந்தது. காகிதம் வாங்கப் பணமில்லாத நாள்கள் இருந்தன. நூல் சென்னைத் திராவிட ரத்நாகர அச்சுக்கூடத்தில் அச்சாயிற்று. கும்பகோணத்தில் வேலை, சென்னையில் அச்சு. விடுமுறை தோறும் சென்னைக்குச் சென்று, தாமே அச்சுப்பிழை திருத்தினார். திருமானூர்க் கிருஷ்ணையர் முதலிய மாணவர்கள் உடனிருந்து உதவினர். சென்னையில் வழக்கறிஞராகிவிட்ட இராமசுவாமி முதலியார் இல்லத்திலேயே தங்கியதும் உண்டு. கேள்வி கேட்டவரே விடை உருவாகும் வரை துணை நின்றமை இவ்வரலாற்றின் இனிய பகுதி. 1887ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் சீவக சிந்தாமணி முழுமையாக, நச்சினார்க்கினியர் உரையோடு வெளிவந்தது. வியாழக்கிழமைக் கேள்விக்கும் புத்தகத்துக்கும் இடையே ஏழாண்டுகள்.

ஊர் ஊராகச் சென்ற ஏட்டுத் தேட்டம்

புத்தகம் வெளிவந்ததும் ஓய்வு கொண்டிருக்கலாம். அடுத்துப் பத்துப்பாட்டு வேலையைத் தொடங்கினார். முருக அடியார்கள் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். பத்துப்பாட்டுள் முதலாவதாகிய நக்கீரரின் திருமுருகாற்றுப்படை பதினோராந் திருமுறையிலும் இடம் பெற்றது. அடியார்கள் நாள்தோறும் ஓதி வந்தமையால் அது ஒருபோதும் மறைந்ததில்லை. ஓதுவாரற்ற மற்ற ஒன்பது பாட்டுகளோ மறதியில் ஆழ்ந்து கிடந்தன.

கையிலிருந்த ஏடுகளில் குறைகள் பல. குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயரை அடுக்கிச் சொல்லும் இடத்தில் சில அடிகள் இல்லை. அம்மூன்று அடிகளுக்காகத் தேடியலைந்தார். தருமபுர ஆதீனத்துச் சுவடிகளிடையே கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்த்து, கடைசியில் அவற்றைக் கண்டெடுத்தார். தொண்ணூற்றொன்பது மலர்களும் இன்று ஒருங்கே மணம் வீசுகின்றன என்றால் அது அந்தப் பொறுமையின் பயன்.

திருநெல்வேலிச் சீமைக்கும் சென்றார். கவிராயர்களின் இல்லங்கள் நிறைந்த ஆழ்வார்திருநகரியில் வீடு வீடாகப் புகுந்து பல நாள் தேடியும் வேண்டிய ஏடு அகப்படவில்லை. மனம் சோர்ந்திருந்த இரவில் பெருமாள் வீதியுலா வந்தது. சைவராகிய ஐயரவர்கள் அத்தெருவில் நின்று, தமிழ்த் தொண்டுக்குத் துணை செய்யுமாறு மனமுருகி வேண்டிக்கொண்டார். அன்றிரவே இலட்சுமணக் கவிராயர் என்பவர் தம் மாமனார் வீட்டிலிருந்து கொண்டுவந்த சுவடியை நீட்டினார். நிலவொளியில் பிரித்தால் பத்துப்பாட்டு! இது தெய்வச் செயலென்றே ஐயரவர்கள் இறுதிவரை நம்பினார். அத்தனை வீடுகளிலும் தேடிக் களைத்தவருக்கே அச்செயல் வாய்த்தது என்பதையும் உடன் நினைக்கலாம்.

எல்லா ஊரிலும் அவ்வாறு நிகழவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டியர் வழி மன்னர் ஒருவரின் ஏடுகள் இருப்பதாகக் கேள்வியுற்று ஆவலோடு சென்றார். பழைய ஏடுகள் கண்டபடி கிடந்தமையால், சாத்திரப்படி நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டோம் என்று அங்கிருந்தோர் கூறினர். தீய எண்ணத்தால் செய்தாரில்லை. பழைய ஏட்டைக் காலில் படவிடாமல் அக்கினிக்கு அளிப்பது புண்ணியம் என்றே எண்ணினர். வேறு ஊர்களில் ஆடிப்பெருக்கு நாளில் சுவடிகளை ஆற்றில் விட்ட செய்தியும் அவர் காதில் விழுந்தது. பக்தியின் பெயராலேயே, அறியாமையால், எத்தனை நூல்கள் தீயிலும் நீரிலும் போயினவோ! ஆலய நிருவாகத்தில் இருப்போர் இப்பகுதியைப் படிக்கும்போது, தங்கள் கோயிலின் பழைய கணக்கேடுகளும் படங்களும் எந்த அலமாரியில் உள்ளன என்று எண்ணிப் பார்த்தல் நலம்.

அந்தச் செய்தியைக் கேட்ட நாளில் ஐயரவர்கள் தளர்ந்துபோனார். எனினும் அவர் அடுத்த ஊருக்குப் புறப்பட்டார். ஓர் ஊரில் எரிந்த ஏட்டின் படி வேறோர் ஊரில் எரியாமல் இருக்கக்கூடும். போய்ப் பார்க்காமல் எவ்வாறு அறிவது? தாமதித்த ஒவ்வோர் ஆண்டும் செல்லுக்கும் தீக்கும் கொடுத்த ஆண்டு என்ற அச்சமே அவரை ஓடச் செய்தது. பத்துப்பாட்டு 1889இல் வெளிவந்தது.

தொடர்ந்த பதிப்புகள்

சிலப்பதிகாரம் 1892. புறநானூறு 1894. சிங்கப்பூர்த் தமிழர் மேடைதோறும் எடுத்தாளும் கணியன் பூங்குன்றனாரின் பாட்டு அந்நூலின் 192ஆம் பாட்டு. ஓராயிரம் மேடைகளில் முழங்கும் அப்பாட்டு, அந்த ஆண்டுக்கு முன் ஏட்டுக் கட்டுகளுக்குள்ளேயே கிடந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

மணிமேகலையில் மீண்டும் பழைய இடர் எதிர்ப்பட்டது. இம்முறை பௌத்தம். சிந்தாமணிக்கு உதவச் சமணர் தெருவொன்று இருந்தது. தமிழ்நாட்டில் பௌத்தருக்கோ அப்படி ஒரு தெரு இல்லை. கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியர் ஆங்கில நூல்களைப் படித்துப் பௌத்தக் கருத்துகளை விளக்க, ஐயரவர்கள் குறித்துக்கொண்டார். 1898இல் நூல் வெளிவந்தபோது, புத்த சரித்திரமும் பௌத்த தருமமும் சங்கமும் பற்றிய விளக்கங்களும் உடன் சேர்ந்திருந்தன. பாரிஸ் நகரத்து ஜூலியன் வின்சோன் என்ற பிரெஞ்சுப் பேராசிரியரும் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். அந்நகரத்து நூல்நிலையத்தில் உள்ள தமிழ் ஏடுகளைப் பற்றிய செய்திகள் அவர் வாயிலாகக் கும்பகோணத்தை எட்டின.

ஐங்குறுநூறு 1903, பதிற்றுப்பத்து 1904, பரிபாடல் 1918, பெருங்கதை 1924 என்று பட்டியல் நீளும். இதற்கிடையே 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம், 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டம் (அப்போது பாரதியார் வாழ்த்துப் பாடினார்), 1919இல் ஓய்வு, 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைமை, 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த இல்லத்துக்குத் தியாகராஜ விலாசம் என்று பெயர் வைத்தார். வேலை வாங்கித் தந்த தியாகராச செட்டியாரின் பெயர் அது. ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி முடித்தபோது வயது எண்பதை நெருங்கியிருந்தது. ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் ஆகவிருந்தன.

குறுந்தொகை 1937இல் வெளிவந்தது. அது சௌரிப்பெருமாள் அரங்கனாரால் 1915இலேயே பதிப்பிக்கப்பெற்ற நூல்தான். ஐயரவர்கள் பல்லாண்டுகளாகத் திரட்டிய குறிப்புகளைக் கொண்டு, தாமே புதிதாக உரையும் எழுதிச் சேர்த்தார். எண்பத்திரண்டு வயதில் சங்க நூலுக்கு உரை எழுதும் துணிவு வேறெவருக்கு வரும்! அவ்வாண்டிலேயே சென்னையில் காந்தியடிகள் தலைமையில் நடந்த பாரதீய சாகித்திய பரிஷத்தில் வரவேற்புத் தலைவராகவும் அவர் இருந்தார்.

இறுதி ஆண்டுகள்

1940 சனவரியில் ஆனந்த விகடனில் என் சரித்திரம் வெளிவரத் தொடங்கியது. மாணவர் கி. வா. ஜகந்நாதன் உடனிருந்து உதவினார். அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முந்திய ஊர்களும் உணவும் ஆசிரியர்களின் முகபாவங்களும் வாரந்தோறும் வாசகர் முன் எழுந்து நின்றன. தம்மைப் பற்றி எழுதிய நூலிலும் தம்மைவிடத் தமக்கு உதவியவர்களைப் பற்றியே மிகுதியாக எழுதியிருக்கிறார். ஒரு வேளை சோறிட்டவர், ஓர் ஏடு தந்தவர், ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்னவர் என்று எவரையும் விட்டாரில்லை. தனியொருவர் செய்த பணி என்று உலகம் போற்றுவதற்குள் எத்தனை பேர் கை இருந்தது என்பதை அந்நூலைப் படித்தோர் அறிவர்.

அந்நாளில் போர் மூண்டது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் கைப்பட்டது. ஏப்ரல் முதல் வாரத்தில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை நகரம் அச்சத்தில் காலியாயிற்று. இங்கே சிங்கைத் தமிழர் பட்ட பாட்டைக் குடும்பங்கள் பல இன்றும் சொல்லக் கேட்கலாம். அதே அலை, கடலுக்கு அப்பால், எண்பத்தேழு வயது முதியவரையும் அவர் இல்லத்திலிருந்து பெயர்த்தது. ஐயரவர்கள் திருக்கழுக்குன்றத்துக்குச் சென்றார். வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த சுவடிகளும் உடன் சென்றன. எரிந்த ஏடுகளைக் கண்டவர், இவற்றைக் குண்டுக்கு விட்டுச் செல்ல மனங்கொள்வாரா?

1942 ஏப்ரல் 28ஆம் நாள் வேதகிரியின் அடிவாரத்திலேயே அவர் வாழ்வு நிறைவுற்றது. என் சரித்திரம் 122ஆம் அத்தியாயத்தோடு நின்றது. கதை அப்போது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியைத்தான் எட்டியிருந்தது. மணிமேகலைக்குப் பிந்திய நாற்பதாண்டுகள் அவர் கையால் எழுதப்படவேயில்லை.

மறு ஆண்டு, 1943இல், ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியால் அவர் பெயரில் சென்னை அடையாற்றில் நூல்நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. பின்னர் அது பெசன்ட் நகருக்கு இடம் மாறியது. ஆழ்வார்திருநகரியிலும் திருநெல்வேலியிலும் மடங்களிலும் வீடு வீடாக இரந்து பெற்ற சுவடிகளும், மாலைதோறும் அவர் எழுதிய குறிப்பேடுகளும் அங்கே காக்கப்பட்டன. அவர் அச்சிடாமல் விட்டுச் சென்ற நூல்கள் பிற்காலத்தில் அங்கிருந்தே ஒவ்வொன்றாக வெளிவந்தன.